தண்ணீர் மட்டும் படக்கூடாது

“இந்த தேசத்தில் இன்ஷூரன்ஸ் என்றால் என்னவென்று புரிந்துகொண்ட ஒரே குடிமகன் நான்தான்.”

என் அப்பா சந்திரமௌலி இதைக் காலனி நலச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். கூட்டங்களில் அவர் எழுத்துத் தமிழில்தான் பேசுவார். அன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் மழைநீர் வடிகால். இருந்தாலும் யாரும் சிரிக்கவில்லை. மாடம்பாக்கம் சாலையில் எங்கள் காலனி முளைத்த நாளிலிருந்து அப்பா பேசி யாரும் சிரித்ததில்லை. அவர் தணிக்கைத் துறையில் சூப்பரின்டென்டென்ட். சிரித்தால் ரசீது கேட்பாரோ என்று எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம்.

அவருடைய கொள்கை எளிமையானது. வீட்டு இன்ஷூரன்ஸ் என்பது வருஷா வருஷம் கட்டுவதற்கு, கேட்பதற்கு அல்ல. வேண்டுதல் பலிக்கவில்லை என்று யாராவது கோயிலுக்குப் போய் உண்டியலைத் திறக்கச் சொல்வார்களா? கட்டுகிறவன் குடிமகன். கேட்கிறவன் ஜெயவேலு.

ஜெயவேலு எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கேம்ப் ரோட்டில் சிமென்ட், கம்பிக் கடை. காலனி நிலம் முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துக் கழனி. எங்கள் ஹால் இருக்கிற இடத்தில்தான் அவர்கள் எருமையைக் கட்டிவைத்திருந்தார்கள் என்று எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் சொல்வார். முந்தைய வருஷம் ஐப்பசி மழையில் இடி விழுந்து அவருடைய கலர் டிவி கருகியது. இன்ஷூரன்ஸில் கேட்டார், கொடுத்தார்கள், அதைவிடப் பெரிய டிவி வாங்கினார். அந்தப் பெரிய டிவியின் சத்தம்தான் அப்பாவை அன்று வடிகாலிலிருந்து இன்ஷூரன்ஸுக்குத் திருப்பியது.

“மின்னல் வெட்டும்போது ப்ளக்கைப் பிடுங்கத் தெரியாதவர் டிவி வைத்துக்கொள்ளலாமா? வாயைத் திறந்து ‘அர்ஜுனா அர்ஜுனா’ என்று சொன்னால் இடி நம் வீட்டில் விழாது என்பது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதையும் செய்யவில்லை. இது ஒன்று முட்டாள்தனம், இல்லையென்றால் முன்யோசனை. எது என்பதை நண்பர் ஜெயவேலு முடிவு செய்யட்டும்.”

ஜெயவேலு உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். “சார், இடி இன்னா லெட்டர் போட்டுட்டா வருது? அர்ஜுனான்னு கூப்ட்டேன் சார். அவரு அம்பை எடுக்கறதுக்குள்ள டிவி பூட்ச்சு.”

இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் கூட்டக் குறிப்பில் இதைப் பதிவு செய்யவேண்டும் என்றார்.

இது நடந்தது வைகாசியில். ஆனியில் என் அக்கா திரிபுரசுந்தரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு பஹ்ரைனில் வேலை. கல்யாணத்துக்கு வரும்போது மாமனாருக்கென்று ஒரு கார்ட்லெஸ் போன் கொண்டுவந்தார். வயர் இல்லாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தபடியே பேசலாம். குரோம்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் தாலி கட்டியதைப் பார்த்தவர்களைவிட அந்தப் பெட்டியைப் பிரித்ததைப் பார்த்தவர்கள் அதிகம்.

மாப்பிள்ளையின் அப்பா அதை எடுத்து என் அப்பா கையில் கொடுத்து, மண்டபத்துக்கே கேட்கிற குரலில் சொன்னார்: “சம்பந்தி, மத்ததெல்லாம் தானா பாத்துக்கும். தண்ணி மட்டும் படாம பாத்துக்குங்க.”

பந்தியில் இன்னொரு தடவை சொன்னார். கட்டுச்சாதம் கட்டும்போதும் சொன்னார். அப்பாவின் காது சிவந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “என்கிட்ட சொல்றாரு. முப்பது வருஷ சர்வீஸ்ல கவர்மென்ட் குண்டூசி ஒண்ணு துரு பிடிச்சதில்ல என் டேபிள்ல. என்கிட்ட சொல்றாரு” என்றார். பிறகு பல நாள், சம்பந்தமே இல்லாத நேரங்களில், பல் தேய்க்கும்போது, செருப்பு மாட்டும்போது, “என்கிட்ட” என்று ஒரு வார்த்தை மட்டும் அவரிடமிருந்து வரும்.

போனை அப்பா கௌரவமாகத்தான் வைத்திருந்தார். மணி அடித்தால் எடுத்துக்கொண்டு நேராக வாசல் கேட்டுக்குப் போவார். ஏரியலை முழு நீளத்துக்கு இழுத்து, தெருவைப் பார்த்து நின்று, “சொல்லுங்கோ” என்பார். முருங்கை மரம் வரை தெளிவாகக் கேட்கிறது, அதற்கப்பால் இரைச்சல் என்று தணிக்கை செய்து சொன்னார். டெலிபோன் டிபார்ட்மென்ட் கொடுத்த பழைய கறுப்பு போன் மஞ்சள் பையில் சுற்றிப் பரணுக்குப் போனது. புதிய போனை வீட்டு இன்ஷூரன்ஸில் சேர்க்கச் சொல்லி அப்பா தானே எழுதிக்கொடுத்து, அதற்கும் சேர்த்துக் கட்டினார். கேட்பதற்கு இல்லை என்பதை ஏஜென்டிடம் வாய்மொழியாகத் தெரிவித்தார்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது.

மற்ற வீடுகளில் ஆயுத பூஜை என்றால் சாமான்களுக்கு ஆளுக்கொரு பொட்டு வைப்பார்கள். அப்பா எதையும் விடமாட்டார். அரிவாள்மணை, மிக்ஸி, சைக்கிள், இஸ்திரிப் பெட்டி, கால்குலேட்டர், என் ரயில்வே சீசன் டிக்கெட், எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். கார்ட்லெஸ் போனுக்குப் பலகையின் நடுவில் இடம். அதற்கு ஒரே ஒரு பொட்டு போதாது என்று அவருக்குத் தோன்றியது. ஒவ்வொரு பொத்தானும் ஒரு தனிக் கருவிதானே? ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்தார். இழுத்துவிட்ட ஏரியலில் கதம்பம் சுற்றினார். பொரி கொடுக்க வந்த ஜெயவேலு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“காது குத்தல் எப்போ சார்?” என்று கேட்டார்.

அப்பா கற்பூரத்தை அவர் பக்கம் காட்டினார்.

மறுநாள் விஜயதசமி, வெள்ளிக்கிழமை. பூஜையில் வைத்த எதையும் அன்று காலை எடுத்து உபயோகித்தால்தான் வருஷம் முழுக்க விளங்கும். என் பாடப் புத்தகத்தை எடுத்து நான் ஒரு பக்கம் படித்தேன். அந்த வருஷத்துக்கு அது போதும் என்று பட்டது. போனுக்கும் ஏற்பாடு இருந்தது. பஹ்ரைனில் வெள்ளிக்கிழமை லீவு. ராகு காலத்துக்கு முன்பு மாப்பிள்ளை கூப்பிடுவார், அப்பா வாசலில் நின்று பேசுவார்.

ஒத்திகை பார்க்க அப்பா போனை எடுத்தார். பேசுவதற்கென்று இருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினார். அது உள்ளே போகவில்லை. சந்தனம் ஒரே ராத்திரியில் ஜெயவேலு கடைச் சரக்குபோல இறுகியிருந்தது. அந்தப் பொத்தான் உள்ளே போகாவிட்டால் மணி அடிக்கும், பேச முடியாது.

அப்பா முதலில் ஈரத்துணியால் துடைத்தார். சந்தனம் இளகி இன்னும் உள்ளே இறங்கியது. பிறகு பழைய டூத் பிரஷ். பிறகு குழாயடிக்குப் போனார்.

என் அம்மா அபிதகுஜாம்பாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “சம்பந்தி அத்தனை தடவை சொன்னாரே, தண்ணி படக்கூடாதுன்னு.”

“அது தெரியாம பட்டுடறதைச் சொன்னாரு. நான் தெரிஞ்சு கழுவறேன். ரெண்டும் ஒண்ணா?”

கழுவினார். கைப்பிடியைக் கழுவினார். தாய்க்கொன்று பிள்ளைக்கொன்று செய்யக்கூடாது என்பதுபோல, கரண்டில் செருகுகிற அடிப்பெட்டியையும் கழுவினார். அனகாபுத்தூர்த் துண்டால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். நானும் அருகில்தான் நின்றேன். என்னைவிட விஷயம் தெரிந்தவர் ஒரு காரியத்தை அவ்வளவு நிதானமாகச் செய்யும்போது அது தப்பாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. மேஜை மேல் வைத்து, ப்ளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டார்.

பட் என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. வற்றல் பொரிகிற சத்தம். அடிப்பெட்டியிலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்தது.

அம்மா கையில் கரண்டியோடு நின்றாள். அதிலிருந்து சாம்பார் தரையில் சொட்டியது. அப்பாவின் விரல் சுவிட்சிலேயே இருந்தது. வீடு முழுக்கச் சந்தனம் எரிகிற வாசனை. மிகப் பெரிய மனிதர்களைத்தான் அப்படி எரிப்பார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா, “சுவிட்சை அணைக்கலாமா?” என்று என்னிடம் கேட்டார். என் வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்ட முதல் யோசனை அது. பயமாக இருந்தது.

மாப்பிள்ளை கூப்பிடுகிற நேரம் நெருங்கியது. நான் பரணில் ஏறி மஞ்சள் பையை இறக்கினேன். கறுப்பு போனின் இரண்டு வயர்களையும் சுவர்ப் பெட்டியில் முறுக்கிக்கொண்டிருந்தபோது பஹ்ரைனிலிருந்து மணி வந்தது. அது முதலில் என் விரல்களில்தான் வந்தது. தூர தேசத்து உறவு என்றால் என்ன என்பது தோள்பட்டை வரை எனக்குப் புரிந்தது.

அப்பா ரிசீவரை எடுத்தார்.

மாப்பிள்ளையின் குரல் எங்களுக்கும் கேட்டது. “மாமா, நமஸ்காரம். லைன் சூப்பரா இருக்கே. பூஜை எல்லாம் ஆச்சா?”

“நன்னா ஆச்சு மாப்பிள்ளை. ரொம்ப நன்னா ஆச்சு.”

“வாசல்லதானே நிக்கறீங்க?”

அப்பா வாசலைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். வயர் எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் போய், உடம்பை வளைத்து, தலையை மட்டும் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“இதோ, முருங்கை மரம் கண்ணுக்குத் தெரியறது” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதை அவர் முகத்திலேயே பார்க்க முடிந்தது. இல்லாத மச்சுப் படியை ஏறுகிற ஆள்போல அவ்வளவு சிரமப்பட்டது அந்த முகம்.

“தலை தீபாவளிக்கு வரோம் இல்லையா மாமா, ஒரு ஆசை. கங்கா ஸ்நானம் ஆனதும் உங்க மொட்டை மாடியில நின்னு அந்த போன்லேர்ந்து எங்க அப்பாவைக் கூப்பிடணும். அவர்கிட்டயும் சொல்லிட்டேன். ரெடியா உக்காந்திருப்பார்.”

“பேஷா” என்றார் அப்பா. ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “என்கிட்ட” என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

மதியத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, துண்டில் கிடத்தியிருந்த போனைப் பார்த்து, “நேத்திக்குக்கூட நல்லா இருந்துதே” என்றார்கள். எதிர் வீட்டு அம்மாள் பேசாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். காபி கொடுக்கலாமா கூடாதா என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எப்படி ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு அப்பா, “கரண்ட் போட்டேன், நின்னு போச்சு” என்று மட்டும் சொன்னார். அதிலும் பொய் இல்லை.

சனிக்கிழமை நான் போனைத் தாம்பரம் மார்க்கெட்டில் சிட்டிபாபு கடைக்கு எடுத்துப்போனேன். ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் செய்கிறவர். அப்பாவும் கூட வந்தார். ஆனால் இரண்டு கடை தள்ளி, வாழைத்தார் விலை விசாரிப்பவர்போல நின்றுகொண்டார். சிட்டிபாபு திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனார்.

“இன்னாப்பா, போனா கோயிலா?”

“தேறுமாண்ணா?”

“உள்ள எல்லாம் வெந்துகினு கீது. தேறாது. வாசனை மட்டும் நிக்கும்.” மூடியைத் திரும்பப் பொருத்தினார். “பர்மா பஜார்ல போனா இதே மாடல் கெடைக்கும். பில்லு கில்லு கேக்காத.”

இதை அப்பாவிடம் சொன்னேன். பில் இல்லாத பொருளை ஒரு தணிக்கைக்காரர் வீட்டுக்குள் கொண்டுவருவதைவிட, அந்த வீட்டைக் கொளுத்திவிடலாம் என்பதுபோலப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அம்மா நேராகவே பேசினாள். “மாப்பிள்ளை நல்ல மாதிரி. நடந்ததைச் சொல்லிடுங்க. சிரிச்சிட்டு விட்டுடுவார்.”

“அவர் சிரிப்பார். அவர் அப்பா சிரிக்கறதை நான் எங்க போய்க் கேக்கறது? மொட்டை மாடியில நின்னு மாப்பிள்ளை என்னன்னு சொல்லுவார்? அப்பா, நீங்க மண்டபத்துல சொன்னீங்களே, அதையேதான் மாமா பண்ணியிருக்கார்னா? என் பொண்ணு அந்த வீட்டுல வாழணும்.”

காம்பவுண்டு சுவருக்கு மேல் ஜெயவேலுவின் தலை தெரிந்தது. எவ்வளவு நேரமாக அங்கே இருந்தது என்று தெரியவில்லை.

“சார், இன்னாத்துக்குப் பேஜார் படறீங்க? இன்ஷூரன்ஸ் கீதே.”

“இருக்கு. அது கேக்கறதுக்கு இல்ல.”

“அட, வருஷா வருஷம் கட்றீங்க. ஒரு வாட்டி வாயைத் தொறந்து பாருங்க. ஏஜென்ட் எலியேசருக்கு ஒரு போன் போட்டா வூட்டாண்ட வந்து நிப்பாரு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “கறுப்பு போன்லயே போடலாம் சார். அவரு ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டாரு” என்றார்.

“ஜெயவேலு, நான் பொதுக் கூட்டத்துல ஒண்ணு சொல்லியிருக்கேன். அது மினிட்ஸ்ல இருக்கு.”

“நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க” என்று தலை இறங்கிப் போனது.

மறுவாரம் எலியேசர் எங்கள் வீட்டு வாசலில் லூனாவை நிறுத்தினார். கம்பெனி ஏஜென்ட். இரும்புலியூர்க்காரர். யார் வரச்சொன்னது என்று அம்மா கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. கறுப்பு போன் அன்று காலை கொஞ்சம் இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

எலியேசர் உட்கார்ந்ததும் அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“பொதுவா ஒரு சந்தேகம். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார். வீட்டுச் சாமான் ஒண்ணு தண்ணியில கெட்டுப் போனா கம்பெனி என்ன பண்ணும்?”

“தண்ணி அதுவா வந்துதா சார், இல்ல இவங்க கொண்டுபோய்க் காட்டினாங்களா?”

அப்பா கண்ணாடியை வேகமாகத் துடைத்தார். “எப்படி வேணா வெச்சுக்குங்களேன்.”

“அப்படி வெச்சுக்க முடியாது சார். வெள்ளம் வூட்டுக்குள்ள பூந்தா தருவாங்க. சாமானைத் தூக்கினு குழாயடிக்குப் போனா தரமாட்டாங்க.”

குழாயடி என்ற வார்த்தையை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அப்பா சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயவேலு வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“வேற எதுக்கெல்லாம் தருவாங்க?”

“தீ, திருட்டு, வெள்ளம், இடி. இந்தப் பக்கம் ஜாஸ்தி வர்றது இடிதான் சார். அதுல சிக்கலும் இல்ல. கம்பெனி மூணு கேள்விதான் கேக்கும். அன்னைக்கு இடி இடிச்சுதா, சாமான் ப்ளக்ல இருந்துதா, இப்போ அது வேலை செய்யுதா. அவ்ளோதான்.”

“நாலாவது ஒண்ணு இல்லையா?”

“எது சார்?”

“இடிக்கு முன்னாடி அது வேலை செஞ்சுதான்னு.”

எலியேசர் சிரித்தார். “வேலை செய்யாத சாமானை யாராவது ப்ளக்ல சொருகி வெப்பாங்களா சார்?”

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பணம் முக்கியமில்ல. அந்த நண்பருக்குப் பணம் வேண்டாம். இடியினால் சேதம்னு கம்பெனி ஒரு காகிதம் தருமா?”

“சர்வேயர் வந்து பாத்து எழுதிக் குடுத்துடுவாரு சார். ரெண்டு நாள்ல. ரப்பர் ஸ்டாம்போட.”

“ரப்பர் ஸ்டாம்பு” என்றார் அப்பா. சாமி பெயரைச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

எலியேசர் போன பிறகு அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். “பொய் எழுதிக் குடுக்கப் போறீங்களா?”

“நான் எப்போ சொன்னேன்?”

“அப்போ அவரை எதுக்கு வரச்சொன்னீங்க?”

“ஒருத்தருக்குச் சந்தேகம்னு சொன்னேனே. நான் ஜெயவேலு இல்ல. இடிக்காத இடியை இடிச்சுதுன்னு என் கை எழுதாது.”

இதை நான் முழுக்க நம்பினேன். இப்போதும் அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

ஐப்பசி பிறந்தும் மழை வரவில்லை. வெயில் சித்திரை மாதிரி அடித்தது. அப்பா காலையில் பேப்பரைத் திறந்ததும் முதலில் வானிலையைப் படித்தார். சாயங்காலம் கடற்கரை ரயிலிலிருந்து இறங்கி வந்ததும் மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பார்த்தார். வயல் வைத்திருக்கிறவர்கள்கூட அந்த வருஷம் அப்படி வானத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். இரவில் ரேடியோச் செய்தியில் வங்கக் கடல் என்ற வார்த்தை வந்தால் சத்தத்தைக் கூட்டுவார். காற்றழுத்தம் ஆந்திரா பக்கம் போய்விட்டது என்று ஒருநாள் சொன்னபோது, சம்பந்தி வீட்டார் ஏமாற்றிவிட்டதுபோல ரேடியோவை அணைத்தார்.

“காலனிக்குத் தண்ணி கஷ்டம் வந்துடும்னு கவலை” என்று அம்மாவிடம் சொன்னார். காலனிக்குத் தண்ணீர் கஷ்டம் எப்போதும் இருந்தது.

நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை கூப்பிட்டார். அப்பா வயர் நீளத்துக்கு நின்று, பேசப் பேசக் காலை மாற்றி மாற்றி வைத்தார். நின்ற இடத்திலேயே நடந்தார். அந்தப் பக்கம் அக்கா ரிசீவரை வாங்கி, “அப்பா, மூச்சு வாங்கறதே, எங்கேயாவது ஏறிண்டிருக்கியா?” என்று கேட்டாள். அப்பா ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, தீபாவளிக்கு முந்தின நாள் வந்துவிடுவார்கள், மாப்பிள்ளையின் அப்பா தன் வீட்டு போனுக்குப் பக்கத்தில் நாற்காலிகூடப் போட்டுவிட்டாராம்.

அதற்கடுத்த வாரம், ஒரு சாயங்காலம், மாடம்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று முதலில் வந்தது. பிறகு மண்வாசனை. முருங்கை மரம் எங்கள் பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய விமானம் ஒன்று தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் மின்னல் வெட்டியதும் அம்மா கொல்லையிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

“எல்லா ப்ளக்கையும் பிடுங்குங்க.”

இது எங்கள் வீட்டில் மழைக்கால வழக்கம். அப்பாதான் செய்வார். அன்றும் எழுந்தார். டிவி ப்ளக்கைப் பிடுங்கினார். ஃப்ரிட்ஜ், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மேஜை விளக்கு. ஒவ்வொன்றாகப் பிடுங்கி வயரைச் சுருட்டி வைத்தார். கறுப்பு போனின் வயர்களைச் சுவர்ப் பெட்டியிலிருந்து தானே கழற்றினார். நான் வாசலறையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு மழை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து அவர் நாற்காலியில் உட்காருவார் என்று நினைத்தேன்.

அவர் அலமாரியைத் திறந்தார். அனகாபுத்தூர்த் துண்டை எடுத்தார். பிரித்தார்.

சந்தன வாசனை எனக்கு வாசலறை வரை வந்தது.

கார்ட்லெஸ் போனை அதன் பழைய இடத்தில், சம்பந்தி பார்த்தால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வைத்தார். கைப்பிடியை அடிப்பெட்டியில் பொருத்தினார். கறுப்பு போன் வயர் இருந்த இடத்தில் இதன் வயரை மாட்டினார். ஏரியலை முழு நீளத்துக்கு இழுத்தார். யோசித்து, அதை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பினார். பிறகு ப்ளக்கை எடுத்துச் சுவரில் செருகினார். அது உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு மரியாதையாகச் செருகியதில்லை.

என் கையிலிருந்த புத்தகம் மடியில் விழுந்தது. முப்பது வருஷமாகக் குண்டூசிக்குக் கணக்கு வைத்திருந்த மனிதர். அரசாங்கப் பேனாவில் சொந்தக் கடிதம் எழுதாதவர். நான் சினிமாவுக்குப் போய்விட்டு லைப்ரரி என்று சொன்னதற்கு மூன்று நாள் என்னோடு பேசாதவர்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவிட்சைப் போட்டார். போன் ஒன்றும் சொல்லவில்லை. அது எப்போதோ சொல்லி முடித்துவிட்டது.

பக்கத்து வீட்டில் ஜன்னல்கள் படபடவென்று சாத்தும் சத்தம். ஜெயவேலு தன் பெரிய டிவியின் வயரைக் கையில் பிடித்தபடி ஜன்னலில் வந்து நின்றார்.

“சார், இடி வருது. நான் பிடுங்கிட்டேன். நீங்க சொன்னது நெனப்பு வந்துச்சு. நீங்க பிடுங்கிட்டீங்களா?”

அப்பா மழையைப் பார்த்துப் பேசினார்.

“டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாம் பிடுங்கிட்டேன் ஜெயவேலு.”

“நல்லது சார்.” ஜன்னல் சாத்திக்கொண்டது.

மின்னல் ஒன்று வீட்டுக்குள் வந்து எங்கள் மூவரையும் வெள்ளை அடித்துவிட்டுப் போனது. அம்மா துணி மூட்டையோடு ஹாலில் நின்று காதைப் பொத்திக்கொண்டு, “அர்ஜுனா, அர்ஜுனா, அர்ஜுனா” என்றாள். வழக்கமாக இதை முதலில் ஆரம்பிப்பவர் அப்பா. அவர் குரலில் அது ஒரு ஆபீஸ் ஆர்டர் மாதிரி இருக்கும். அடுத்த இடிக்கு நான்கூடச் சொன்னேன். அதற்கடுத்ததற்கும்.

அப்பா போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் கோத்திருந்தார். கூரைக்கு மேலே வானம் உருண்டு உருண்டு கிட்டே வந்தது. அவர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.